மூன்று லாரிகள்

எம்.சி.ஏ. கடைசிப் பருவத்தில் புராஜெக்டுக்கு வகுப்பில் பாதிப்பேர் நூலக மேலாண்மையை எடுத்தார்கள். நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி எங்கள் ஊர் டீ ஃபேக்டரியின் லாரிகளை எடுத்தேன். நீலகிரியில் அரவேணுவைச் சுற்றியுள்ள சிறு தோட்டங்களில் பச்சை இலை ஏற்றிவரும் மூன்று லாரிகளும் எந்த வழியில் போனால் இலை சூடேறிக் கெடாமல் வந்துசேரும் என்று என் புரோகிராம் சொல்லும். அதில் ஒரு லாரி அப்பா ஓட்டியது.

எங்கெங்கே எத்தனை மூட்டை, எவ்வளவு நேரம் என்று ஒரு மாதம் அப்பாதான் குறித்துக் கொடுத்தார். கோயம்புத்தூரில் பல்கலைக்கழக லேபில் அதையெல்லாம் தட்டினேன். அடிக்கடி உறைந்துபோகும் கணினி அது. ஒருவழியாக விடை வந்தது: இரண்டு லாரி போதும். தேயிலைக்கு விலை இல்லாமல் பலர் இலை பறிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.

வழிகாட்டிப் பேராசிரியருக்குச் சந்தோஷம். "ஃபேக்டரியில் காட்டி, பயன்படுத்துறோம்னு லெட்டர் வாங்கிட்டு வாம்மா. லெட்டர் இல்லாம மார்க் போட முடியாது" என்றார்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"ரெண்டு போதும்னு சொல்லுதா? அப்ப நிக்கப்போற லாரி ஆருது அம்மிணி?"

அது எனக்குத் தெரியாது. புரோகிராமுக்கும் தெரியாது.

"செரி, காட்டு. நீ படிச்ச படிப்பல்லோ" என்றார். காட்டாதே என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எரிச்சலாக வந்தது.

லேபுக்குத் திரும்பி, அப்பாவுக்குச் சொல்லாமல் ஒரு வரி சேர்த்தேன்: லாரிகள் மூன்றுக்குக் குறையக் கூடாது. அந்த விடையைத்தான் ஃபேக்டரி மேனேஜரிடம் காட்டினேன். அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அந்த வரியில் விரலை வைத்தார்.

"மூணுன்னு ஏன் கட்டாயப்படுத்தியிருக்கே? இதை எடுத்துட்டா இன்னும் நல்ல விடை வருமே?"

"ஃபேக்டரியில அப்படிக் கேட்டாங்க சார்."

"கேட்டா செஞ்சிடுவியா? அப்புறம் எதுக்குப் படிப்பு?"

மதிப்பெண் பாதியாகக் குறைந்தது. தேர்வு முடிவு வருவதற்குள் ஃபேக்டரியே இலை வாங்குவதை நிறுத்திவிட்டது. மூன்று லாரிகளும் ஷெட்டில் நின்றன. அப்பா மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு லாரிக்குப் போனார்.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். மார்க்கைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நீ நல்லாத்தான செஞ்சே, ஏன் கொறைச்சுப்போட்டாங்க?"

"அவங்களுக்குப் பிடிக்கலைப்பா" என்றேன்.