வாய் வைத்துக் குடிப்பவன்

பிரான்சில் எனக்குக் குளிர் பழகிவிட்டது, கல் மாதிரி ரொட்டியும் பழகிவிட்டது. வேலையிடத்தில் நாலு பேர் ஒரே தண்ணீர் பாட்டிலில் மாறி மாறி வாய் வைத்துக் குடிப்பதைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு கூசும். அப்போதெல்லாம் நான் அண்ணாந்துதான் குடிப்பேன். உதட்டில் படாமல் தண்ணீர் இறங்குவதை அவர்கள் சர்க்கஸ் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். காரைக்கால் பக்கம் போலகத்தில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவன் நான். தாயில்லாத என்னை வளர்த்தது அக்கா. டம்ளர் உதட்டில் பட்டால் முதுகில் ஒன்று வைப்பாள். "எச்ச பண்ணாதடா, தூக்கிக் குடி!"

நாக்கின் அடியில் புற்று என்று தெரிந்து கதிர் சிகிச்சை தொடங்கியபோது, அந்தப் பழக்கமும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது. சில வாரங்களில் வாய் வெந்துபோயிற்று. நாக்கில் வெள்ளையாக ஏதோ படிந்தது. நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வாயில் 'ஷாம்பினியோன்' இருக்கிறது என்றாள். எனக்குத் தெரிந்த ஷாம்பினியோன் சந்தையில் விற்கிற காளான்தான். "நான் காளானே சாப்பிடுவதில்லை, மதாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் விளக்கினார். பூஞ்சைக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தானாம். நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஏராளம் குடியிருக்கின்றன. எச்சில் ஊறும்வரை ஒன்றை ஒன்று அடக்கி வைத்திருக்கும். கதிர் பட்டு எச்சில் வற்றியதும் பூஞ்சைக் காளான் மட்டும் தலைதூக்கிவிட்டதாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. வயலில் தண்ணீர் நிற்கும்வரை களை அடங்கிக் கிடக்கும், வாய்க்கால் காய்ந்தால் கோரை மண்டிவிடும். வாழ்நாள் முழுக்க அசிங்கம் என்று நினைத்திருந்த எச்சில்தான் என் வாய்க்குக் காவல் இருந்திருக்கிறது.

மஞ்சளாக ஒரு திரவ மருந்து கொடுத்தார்கள். ஒழுங்காகக் குடித்தும் காளான் அடங்கவில்லை, புண்ணில் ரத்தம் கசிந்தது. இப்படியே போனால் கதிரை நிறுத்திவைக்க வேண்டும், நிறுத்தினால் புற்று மறுபடி வளர இடம் கொடுத்ததாகிவிடும் என்றார் டாக்டர். செத்துப்போய்விடுவேன் என்று முதன்முதலாக நம்பினேன்.

மறுநாள் நர்ஸின் எதிரிலேயே மருந்தைக் குடித்தேன். தலையை அண்ணாந்து, மருந்துக் குப்பியை உயர்த்தி, நேரே தொண்டைக்குள். "நோன், நோன்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வாயிலேயே வைத்திருந்து, புண்ணெல்லாம் படும்படி புரட்டி, அப்புறம் விழுங்க வேண்டிய மருந்து அது. அவள் முதலிலேயே சொல்லியிருக்கிறாள். அவள் பேசிய பிரெஞ்சில் 'விழுங்கு' மட்டும்தான் என் காதில் ஏறியிருந்தது. அத்தனை நாளும் மருந்து புண்ணைத் தொடாமலே வயிற்றுக்குப் போயிருக்கிறது.

புண் ஆறியது, சிகிச்சையும் முடிந்தது. எச்சில்தான் திரும்பவில்லை. இரண்டு வார்த்தை பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் வைத்து நனைத்துக்கொள்ள வேண்டும். அதனால் கடைசியில் நானும் வாய் வைத்துக் குடிப்பவன் ஆனேன்.

போன தையில் போலகம் போனேன். பேச்சுக்கு நடுவே அக்கா கொடுத்த டம்ளரை உதட்டில் வைத்தேன்.

"என்ன தம்பி, வாய் வச்சுக் குடிக்கிற?"

"நாக்கு காஞ்சு போவுதுக்கா."

"சரி சரி, குடி."

குடித்து முடித்ததும் அதைத் தனியாகக் கழுவி, ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். "இது ஒன்னோடது. வேற யாரும் எடுக்க மாட்டாங்க." எச்சிலுக்காகவா, நோய் ஒட்டிக்கொள்ளும் என்றா? மனசு வலித்தது.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் பொதுவான சொம்பை எடுத்து, பழையபடி தூக்கிக் குடித்தேன். வாய் முழுக்கக் காய்ந்தே இருக்க, தண்ணீர் நேரே தொண்டையில் விழுந்து புரையேறியது. மூச்சு திணறியது.

"ஒன்ன யாருடா தூக்கிக் குடிக்கச் சொன்னா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள் அக்கா. ஒரு கை என் தலையைத் தட்டியது. இன்னொரு கையில் ஜன்னலில் இருந்த என் டம்ளர்.