தூங்குகிற வீட்டில் சாப்பாடு

அந்த வருடம் நான் புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிவந்தேன். பதினேழு வருடத் திருமணம் முடிந்திருந்தது. சத்தம் எதுவும் இல்லை, கையெழுத்துகள் மட்டும். ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. காலையில் காபி, இரவில் வாழைப்பழம். மதியம் மட்டும் சூடாக ஏதாவது சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். பசி காரணமல்ல. மூன்று மணிக்கு மேல் கணினித் திரையில் எழுத்துகள் ஆட ஆரம்பித்திருந்தன.

நான் ஒரு நாளிதழின் புதுச்சேரிப் பதிப்பில் உதவி ஆசிரியர். நிருபர்கள் எழுதி அனுப்புவதைத் திருத்தி, பக்கத்தில் அடங்கும்படி வெட்டுகிற வேலை. அலுவலகம் நேரு வீதிக்குப் பக்கத்தில். எங்கள் ஊரில் பெரும்பாலான கடைகள் ஒரு மணி வாக்கில் ஷட்டரை இறக்கிவிட்டு நான்கு மணிக்குத்தான் மறுபடி ஏற்றும். ஆகவே ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பசியோடு தெருவுக்கு வருவார்கள். அளவுச் சாப்பாடு போடும் ஓட்டல்களில், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டும். அவர் மோர் ஊற்றிக்கொள்வதை முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சரிப்படவில்லை. தனியாக வருகிற பெண் என்பதால் சில இடங்களில், "மேடம், ஃபேமிலி ரூம் மாடில" என்று அனுப்பினார்கள். மாடியில் எதிர் மேசையில் யாராவது பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுப் பெயர் வைத்த கஃபேக்களில் ஒரு சாலட்டின் விலைக்கு ஒரு வாரம் மீன் சாப்பாடு சாப்பிடலாம். பெரிய மார்க்கெட் அருகே தள்ளுவண்டியில் விற்கும் பிரிஞ்சி நன்றாக இருக்கும் என்றார்கள். சாப்பிட்டேன். கிராம்பு அதிகம் என்று குறித்துக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

குறித்துக்கொள்வது தொழில் பழக்கம். அந்த நோட்டைச் செய்தி ஆசிரியர் ஒருநாள் புரட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை இணைப்புல கால் பக்கம் எடம் காலியா கெடக்குது. ஊர் பூரா சுத்திச் சாப்பிடறீங்க, அதையே எழுதிக் குடுங்களேன்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பகுதி ஆரம்பித்தது. வாரம் ஒரு மலிவான மதியச் சாப்பாடு. ஐந்து சிறிய பத்திகள், கீழே ஒரு கட்டம்: எங்கே, எத்தனை மணிக்கு, என்ன விசேஷம். என் பெயர் கிடையாது.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, எங்கள் அலுவலகத்துக்குக் கீழே உள்ள ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் என்னை நிறுத்தினாள்.

"யக்கா, நான் சாப்பிடற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் வாங்க. ஆனா அங்க வாயத் தொறக்கக் கூடாது."

"அப்புறம் எப்படிச் சாப்பிடறது?"

"அதுக்குத் தொறக்கலாம். பேசறதுக்குத்தான் தொறக்கக் கூடாது."

என் ஸ்கூட்டரில் போனோம். முத்தியால்பேட்டையில் ஒரு சந்து. சின்ன ஓட்டு வீடு, பெயர்ப் பலகை இல்லை. முன் அறையில் சுவரோரம் இரண்டு பெஞ்சுகள், நீள மேசைகள், பதினெட்டுப் பேர். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை. வருகிறவர்கள் செல்போனைச் சத்தமில்லாமல் செய்து அதில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடிக்கவும் பிளாஸ்டிக் டம்ளர்தான், எவர்சில்வர் விழுந்தால் சத்தம் வரும் என்று. சமைத்துப் பரிமாறுகிற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளும் பேசவில்லை. ஒரு விரல் காட்டினால் ரசம், இரண்டு விரல் மோர். இலை மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும் என்று அர்த்தம்.

காரணம் உள்ளறையில் இருந்தது. முன் அறையை விட்டால் அந்த வீட்டில் அது ஒன்றுதான் அறை. அதற்குக் கதவில்லை, ஒரு திரைச்சீலை மட்டும். திரைக்குப் பின்னால் அவள் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். வேலை பார்த்த மில் மூடிய பிறகு கிடைத்த வேலைகளைச் செய்துவிட்டு, இப்போது ஊருக்கு வெளியே ஒரு குடோனில் இரவுக் காவல். காலையில் வந்து, மார்க்கெட்டில் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குப் படுத்தால் நான்கு மணிக்கு எழுந்திருப்பார். அந்த ஆறு மணி நேரத்தின் நடுவில்தான் பதினெட்டுப் பேர் அவர் தலைமாட்டுக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வடவம் தாளித்த கானாங்கத்தை மீன் குழம்பு. ஒரு கூட்டு. ரசம். குறட்டைச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அது நின்றது. பதினெட்டுக் கைகளும் இலை மேல் நின்றன. மறுபடி குறட்டை வந்ததும் கைகள் வேலையைத் தொடர்ந்தன.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவர் என் காதுப்பக்கம் சாய்ந்து, "மதாம், நான் இருந்த பட்டாளத்துல கூட இவ்ளோ ஒழுங்கு கெடையாது" என்று கிசுகிசுத்தார். பரிமாறுகிற பெண் கரண்டியை அவர் பக்கம் காட்டினாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு மூன்று வாரம் வேலை நாட்களில் வேறெங்கும் போகவில்லை. அந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. இணைப்புக்கு நோட்டில் இருந்த பழைய இடங்களை எழுதி ஒப்பேற்றினேன். அவை தீர்ந்தபோது, ஒருநாள் எல்லோரும் போன பிறகு, பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் பேப்பரில் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்களேன். இன்னும் ஒரு பத்து பேரு வந்தா நல்லதுதான்" என்றாள். குரல் தாழ்ந்தே இருந்தது. "ஆனா இவரு தூங்கறத மறக்காம சொல்லிடுங்க. வர்றவங்க தெரிஞ்சிக்கிட்டு வரட்டும். ஏற்கெனவே ஒருதரம் குடோன்ல கண்ணசந்துட்டாரு. சூப்பர்வைசர் எழுதி வாங்கிட்டுப் போயிட்டான். இன்னொரு தரம்னா சீட்டக் கிழிச்சிடுவான்."

எழுதினேன். முதல் பத்தியில் குழம்பு. இரண்டாவதில் வழி. மூன்றாவதில் விலை, நான்காவதில் எந்தக் கிழமை என்ன மீன். அவர் தூங்குவதையும் யாரும் பேசக்கூடாது என்பதையும் ஐந்தாவது பத்தியில் வைத்தேன். செய்தி எழுதப் பழகியவர்கள் அப்படித்தான் வைப்போம். வாசகருக்கு உடனே உதவுவது மேலே, மற்றது கீழே. எந்த நேரத்திலும் பக்கத்தில் இடம் குறையலாம், அப்போது யோசிக்காமல் கீழிருந்து வெட்ட வேண்டும் என்பதற்காக.

வியாழக்கிழமை மாலை ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. பக்கம் வடிவமைக்கிறவர் என் மேசைக்கு வந்து, "ஒன்பது வரி போகணும் மேடம்" என்றார். ஐந்தாவது பத்தி சரியாக ஒன்பது வரி. வெட்டினேன். அது எந்தப் பத்தி என்று தெரிந்துதான் வெட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் அச்சில் படித்தபோது எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்பதைத்தான் கவனித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியமே சந்தில் பைக்குகள் நின்றன. திங்கட்கிழமை இன்னும் அதிகம். நான் போனபோது, வாசலில் செல்போனை உயர்த்திப் பிடித்து ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே, "யக்கா, இங்க இன்னொரு மீனு" என்று ஒரு குரல். சொல்தா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"தம்பி, உள்ள ஆள் தூங்குது."

"சாப்பாட்டுக் கடைல எதுக்குங்க ஆளு தூங்கணும்?"

கேட்டவர் மேல் தவறில்லை. பேப்பரில் அப்படி எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. கணவர் கைலியோடு வெளியே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினார், மறுபடி உள்ளே போய்ப் படுத்தார். அன்று குறட்டைச் சத்தம் வரவில்லை.

அவள் இரண்டாவது உலை வைக்க ஆரம்பித்திருந்தாள். தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவளால் முடியவில்லை. அந்த வாரக் கடைசியில் பின்கட்டில் என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"நான் சொன்னது அதுல இல்லியே யக்கா?"

"எழுதினேன். எடம் பத்தலன்னு எடுத்துட்டாங்க."

எடுத்தது நான்தான் என்று சொல்லவில்லை.

"அவ்ளோ சின்ன பேப்பரா அது?"

நான் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு திருத்தம் போடுவதாகச் சொன்னேன்.

"என்னன்னு போடுவீங்க?"

"இங்க அமைதியா சாப்பிடணும்னு."

"வேணாம். அந்தக் கூத்தப் பாக்கறதுக்குன்னே இன்னொரு கூட்டம் வரும்."

நான் போடவில்லை. வாசலில் நான்கு நாள் நின்று வருகிறவர்களிடம் நானே சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. அடுத்த வாரத்துக்கு வேறு இடம் எழுத வேண்டியிருந்தது. பேருந்து நிலையப் பக்கம் சப்பாத்தி குருமா, ஒரு கல்லூரி வாசலில் தயிர் சாதம் என்று என் பாட்டுக்குச் சுற்றினேன்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். சந்து முனையிலேயே டிவி சத்தம் கேட்டது. பில் போடும் பெண் யாரையோ கிண்டல் செய்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலையைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். கணவர் சட்டை போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர் ஜக்கோடு நின்றார்.

"வாங்க மேடம். இப்ப என்ன வேணும்னாலும் வாயத் தொறந்தே கேக்கலாம்" என்றார்.

வேலை போய் ஆறு நாள் ஆகியிருந்தது. அவரே சொன்னார், வேறு யாருக்கோ நடந்தது போல. "நாற்காலில ஒக்காந்தபடியே தூங்கிட்டேன். சூப்பர்வைசர் எழுப்பக்கூட இல்ல, போட்டோ புடிச்சி மொதலாளிக்கு அனுப்பிட்டான். நானே பாத்தேன். நல்லாத்தான் தூங்கியிருக்கேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, "மாசம் பொறந்தா வாடகை குடுக்கணும்" என்றாள்.

அவர் என் டம்ளரில் தண்ணீர் ஊற்றியபடி குரலைத் தணித்தார். "மேடம், ஒங்க பேப்பர் ஆபீஸ்ல வாட்ச்மேன் வேல ஏதாச்சும் இருக்குதா? பகல் டூட்டியா இருந்தா நல்லது. ராத்திரின்னாலும் பரவால்ல."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே நிர்வாக மேலாளரிடம் கேட்டேன். காவலுக்கு ஏஜென்சியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஐம்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்றார். கணவருக்கு ஐம்பத்திரண்டு.

மறுநாள் அதைச் சொல்வதற்காகப் போனேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். "கேட்டீங்கல்ல, அது போதும்" என்றார். அப்போது வாசலில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து நான்காக மடித்த எங்கள் இணைப்பை எடுத்து விரித்து, "இதுல வந்த எடம் இதுதானுங்களா?" என்று கேட்டாள்.

"இதேதாம்மா. உள்ள வாங்க" என்றார் அவர்.

முன் அறையில் மீதமிருந்த இரண்டு இடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். அவர் படுத்திருந்த கட்டிலைக் காணோம். அங்கே புதிதாக ஒரு பெஞ்சும் மேசையும் போட்டிருந்தார்கள். ஆறு பேர் உட்காரலாம். சுவரில், என் தோளுக்குப் பக்கத்தில், வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. தலை வைத்துப் படுத்த இடம்.

"வெள்ளையடிக்கணும், இன்னும் ஆள் வரல" என்று சொல்லிவிட்டு அவர் எனக்கு இலை போட்டார்.