டீசல் மூடியில் வைத்த சந்தனம்

எட்டாவது வரை படித்தவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கல்யாணமான வருடம், ஆயுதபூசைக்கு எங்கள் பழைய டிராக்டருக்கு நான்தான் பொட்டு வைத்தேன். பூசை முடிந்து நடவு வயலில் சேறடிக்கப் போன இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பிடுங்கிய நாற்று கரையில் வாடியது.

"பொட்டு வச்ச மாப்ள தூங்கிக்கினு கீறாரு!" என்று வண்டியைக் காட்டி நடவுப் பெண்கள் சிரித்தார்கள்.

என் கணவர் குழாயைக் கழற்றினார். டீசல் வரவில்லை. டாங்க் மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியில் காற்றுக்காக விட்டிருந்த துளையை என் சந்தனம் அடைத்திருந்தது. கஞ்சித் தூக்கோடு நின்ற எனக்கு அழுகை வந்தது.

"இன்னாண்ணா ஆச்சு?" என்றாள் ஒருத்தி.

"தூசிம்மா, அடைச்சிக்கினு கீது," என்றார், என்னைப் பார்க்காமல். முள்ளால் குத்தி எடுத்தார். வண்டி கிளம்பியது. மறுநாள் மீதி நடவும் முடிந்தது.

இன்றும் சந்தனம் குழைத்தால் எனக்கு டீசல் வாசனை வருகிறது.

மறுநாள் மீதி நடவும் முடிந்தது.