நம்பரைக் கேட்ட தம்பி

எங்கள் தெருமுனை வங்கிக் கிளையை மூடியபோது கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். இனி எல்லாவற்றையும் கைபேசியிலேயே செய்துகொள்ளலாமாம். ஜெர்மனிக்கு வந்து டோர்ட்மண்ட் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தே முதுகு வளைந்தவள் நான். அந்தக் காசு முழுவதும் அவர்களிடம்தான் கிடந்தது. கணவரும் போன பிறகு எனக்கிருந்த ஒரே பிடிமானம் அதுதான். அதைப்பற்றி வாய் திறந்து கேட்கக்கூட ஆளில்லாமல் செய்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

அப்படியிருந்த ஒரு மத்தியானம் கைபேசி அடித்தது.

"வணக்கம் அக்கா, வங்கியில இருந்து கதைக்கிறன். பதறாதேங்கோ. ஆரோ உங்கட கணக்குக்குள்ள பூந்திட்டாங்கள். இப்பவே மறிக்கோணும்."

பதறாமல் எப்படி இருப்பது? ஆனாலும் வங்கியில் ஒரு தமிழ்ப் பிள்ளை! அழுகையே வந்துவிட்டது. கள்ளனை மறிக்க ஒரு நம்பர் வரும், அதை வாசித்துச் சொன்னால் போதும் என்றான். நம்பர் வந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்துத் தெரியாது என்றேன்.

"அவசரமில்லை அக்கா. கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு ஆறுதலா வாங்கோ. நான் லைன்ல நிக்கிறன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். பாதி நம்பர் சொல்லியாயிற்று. இடையில், நன்றியில்தான், எங்கள் ஆட்களைக் கண்டால் வாய் தானாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"தம்பி ஊரில எவடம்?"



"அது பிறகு கதைப்பம். மிச்சத்தைச் சொல்லுங்கோ."

எங்கள் ஆள் ஒருவன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதை நான் கண்டதேயில்லை. ஊரைச் சொல்லி, கோயிலைச் சொல்லி, யாருடைய மருமகன் என்பதுவரை சொல்லித்தான் ஓய்வார்கள். திரும்பவும் கேட்டேன்.

"நம்பரைக் கெதியாச் சொல்லணை!" என்று கத்தினான். அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

பாதி நம்பரை வைத்து அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. வங்கிக்குப் போன் எடுத்தால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது இயந்திரம். பிறகு பாட்டுப் போட்டது. பாழாய்ப்போன பாட்டு! மேலங்கியை மாட்டிக்கொண்டு நகர மத்தியிலுள்ள கிளைக்கு ட்ராம் ஏறினேன். இந்நேரம் எல்லாம் போயிருக்கும் என்றே வழிமுழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

முன்மேசைப் பெண் தலை நிமிராமல், "டெர்மின் எடுத்தீர்களா?" என்றாள். இங்கே முன்கூட்டியே நேரம் வாங்காமல் எதுவும் நடக்காது.

"கள்ளன் டெர்மின் எடுத்துக்கொண்டா வந்தவன்?" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்தினேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். கணக்கை முடக்கினாள். காசு அப்படியே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"முன்பின் தெரியாதவனை எப்படி நம்பினீர்கள்?" என்று கேட்டாள்.

"அவன் என் மொழியில் பேசினான். நான் கண்ணாடி தேடும்வரை காத்திருந்தான்."

அவள் மோசடிக்காரர்களிடம் கவனமாக இருப்பது பற்றிய தாள் ஒன்றை நீட்டினாள். எல்லாம் பொடி எழுத்து. நான் கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடத் தொடங்கினேன்.

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.