மூன்றாம் தூணின் கருப்பட்டி

கூரை போன எங்கள் பழைய வேதக்கோயிலுக்குள் போய் நின்றேன். மழையில் நனைந்த சுண்ணாம்பின் மணம் என்னை ஏழு வயதுக்கு இழுத்துப்போனது.

துரைமார் காலத்தில் கூர்வளைவு ஜன்னல்களோடு அதைக் கட்டியபோது, காரை குழைக்கப் பனையேறிகள் வீட்டுக்கு வீடு கருப்பட்டி கொடுத்தார்களாம். வலப்பக்கத்து மூன்றாம் தூணில் இருப்பது எங்கள் தாத்தா கொடுத்த கருப்பட்டி என்பார் அப்பா.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று சபையே கண்மூடி ஜெபித்துக்கொண்டிருக்க, நான் அந்தத் தூணை நக்கினேன். புதிதாக அடித்த வெள்ளையில் நாக்கு வெந்துவிட்டது. வெளியே வந்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

“இனிச்சுதா மக்கா?”

அவர் முகத்தைப் பார்த்து, “இனிச்சுதுப்பா” என்றேன்.

“நம்ம பனையாக்கும்.”

இன்றும் அந்தத் தூண் நிற்கிறது. சுற்றிலும் யாருமில்லை, நக்கினேன். உப்புக் கரித்தது. அப்பா இருந்தால் கேட்டிருப்பார்.

“இனிக்குப்பா” என்று சொல்லிவைத்தேன்.