நிலை வைத்த ஜீப்

முதல் ஏற்றம்

கண்டனூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் பாதி ஏறிய ஜீப் நின்றது. பிறகு பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்துக்கொண்டு நான் முருகனைக் கூப்பிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஆச்சி என்னைக் கூப்பிட்டார்கள்.

"என்ன தம்பி, வந்த வழியே போறீக?"

அறுபதுகளின் கடைசி அது. காரைக்குடியில் நான் ஒர்க்‌ஷாப் திறந்து நாலே மாதம். ஆச்சியின் கணவர் மலேயாவில் இருந்தார். கரைக்கு அந்தப் பக்கம் இருந்த தோப்பையும் வயலையும் ஆச்சிதான் பார்த்துக்கொண்டார்கள். அதற்காக ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப் இது. கரை ஏறாவிட்டால் வண்டி மதுரை ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். போனால் என் பெயரும் கூடவே போய்விடும்.

ஜீப்பின் கித்தான் கூரை ஆச்சிக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குக் கதவு செய்த ஆசாரியை வைத்தே தேக்கில் பாடி கட்டினார்கள். கதவுக்கு நிலை. நிலைக்கு நல்ல நேரம், மஞ்சள், குங்குமம், தேங்காய். கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். இந்தக் கனத்தில் ஸ்பிரிங் பட்டை படுத்துவிட்டது, அடிப்பக்கம் மண்ணில் உரசியது. அப்போதுதான் என் அதிமேதாவி மூளை வேலை செய்தது. பெரிய டயராக மாட்டி வண்டியை உயர்த்தினேன். மேடு ஏறும்போது இழுவை கூட்டும் லோ கியர் லீவரில் ஆச்சியின் சேலை மாட்டுகிறது என்று அதையும் கழற்றினேன். இருக்கிற கியரே போதும் என்று பெரிய மனுஷனாகச் சொல்லியும் வைத்தேன். லீவர் இருந்த ஓட்டையை மூடி ஆசாரி பலகை அடித்துவிட்டார்.

இரண்டாம் ஏற்றம்

கரைக்குக் கீழே நின்று யோசித்தபோதுதான் உறைத்தது. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் ஓட வேண்டும். எஞ்சினுக்கு இழுவை குறையும். ஆச்சி கனத்தை ஏற்றினார்கள், நான் இழுவையைக் குறைத்திருக்கிறேன். நிலையையாவது கழற்றலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"பூசை போட்டு வச்ச நெலையப் பிடுங்கச் சொல்றீகளா?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆசாரி வானத்தைப் பார்த்தார்.

"கனம் இருக்கட்டும் ஆச்சி, கியரச் சரி பண்றேன். வண்டித் தரையில மட்டும் மறுபடி ஒரு ஓட்டை போடணும்."

"நெலையத் தொடாம எங்குட்டு வேணும்னாலும் போட்டுக்கங்க."

பழைய டயரையே மாட்டினேன். உயரத்துக்கு ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தேன். லீவர் மறுபடி எழுந்தது. சேலை மாட்டாமல் இருக்க ஆசாரி அதன் தலைக்குத் தேக்கில் ஒரு குமிழ் கடைந்து வைத்தார். அதுவும் கனம்தான், அதையும் ஏற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, நாலு வீலும் இழுக்க, லோவில் முதல் கியர். வண்டி எறும்பாக ஊர்ந்தது. இரண்டு ஆடுகள் எங்களைத் தாண்டிப் போயின. என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் எஞ்சின் ஒரு தடவைகூடத் திணறவில்லை.

கரைமேல் ஆச்சி இறங்கினார்கள். "ஆடு முந்திருச்சு தம்பி."

"வண்டி ஏறிருச்சுல்ல ஆச்சி?"

"ஏறிருச்சு. மதுரைக்கெல்லாம் போக வேணாம்."

என் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். கனம் ஏறுகிற வண்டிக்கு முதலில் கியரைப் பாருங்கள், டயரைப் பிறகு பாருங்கள். ஏற்றியவர்களை இறக்கச் சொல்லிப் பயனில்லை. நான் ஒர்க்‌ஷாப்பை மூடும் வரை, புதுசாகப் பாடி கட்டிய வண்டி எது வந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்.

"பூசை போட்டாச்சா?"