பூதலூர் ஷெட்டில் பத்து மீட்டர்

"தஞ்சாவூர்ல துப்பாக்கியா? யாரைச் சுடப் போறீங்க?"

துப்பாக்கி சுடும் சங்கம் தொடங்கியபோது என் மாமியாரே இப்படித்தான் கேட்டார். காற்றுத் துப்பாக்கி, பத்து மீட்டர், காகித இலக்கு, அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

முதலில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சுட்டோம். முகூர்த்த நாளென்றால் எங்களைத் துரத்திவிடுவார்கள். பிறகு எங்கள் தலைவர், பூதலூர் ஸ்டேஷன் பக்கத்தில் மூடிக் கிடந்த தன் அரிசி ஆலையின் ஷெட்டைக் கொடுத்தார். நான் செயலாளர், தஞ்சாவூரில் கணக்கு டீச்சர், தினம் சாயங்காலம் ரயிலில் போய் வருவேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும் என்று விவசாய வீட்டுப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். சங்கம் வளர்ந்தது அவர்களால்தான்.

அவர்களில் பூதலூர்ப் பெண் ஒருத்தி எங்கள் எல்லாரையும் விட நன்றாகச் சுட்டாள். சின்னக் கை அவளுக்கு. துப்பாக்கியின் மரப்பிடியை அரத்தால் ராவி ராவி அவள் கைக்கு ஏற்பக் குறைத்தோம். விடியற்காலையில் பயிற்சி செய்வாள் என்பதால் ஷெட் சாவி அவளிடமே இருந்தது. மாநிலச் சங்கம் ஷெட்டை அங்கீகரித்தால்தான் மாவட்டப் போட்டி நடத்தலாம். அதில் ஜெயித்தால்தான் அவள் மேலே போகலாம். வயது வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம்.

பார்வையிட ஆள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், தை மாதத்தில் பேய் மழை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் எல்லார் நெல்லும் வெட்டவெளியில் கிடந்த நேரம்.

மறுநாள் அதிகாரியோடு போய் இறங்கினோம். ஷெட் கதவு திறந்தே கிடந்தது. இலக்குப் பலகை வரைக்கும் நெல் மூட்டை.

"இதுல எங்கங்க ரேஞ்ச்?" என்றார் அதிகாரி.

"நாலு நாள் டைம் கொடுங்க சார், காலி பண்ணிடுறோம்," என்று தலைவர் கெஞ்சினார்.

"அடுத்த வருஷம் பார்ப்போம்ங்க."

மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அறிவிருக்கா உனக்கு? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியேடி!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"அப்பா நெல்லு நனைஞ்சுது மேடம். அதை உள்ள வச்சேன். பின்னாடியே ஊரே தூக்கிட்டு வந்துச்சு. உங்களுதை வைக்காதீங்கன்னு எப்படி மேடம் சொல்றது?"

அந்த இடத்தில் தலைவர் இருந்தாலும் திறந்திருப்பார், நானும் திறந்திருப்பேன். அந்த நெல்லாவது தப்பித்ததா என்றால் அதுவும் இல்லை. ஏற்கெனவே நனைந்தது, மூட்டைக்குள்ளேயே புழுங்கி முளை விட்டுவிட்டது. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதலில் திருப்பி அனுப்பினார்கள்.

அங்கீகாரம் மறுவருஷமே வந்தது. இப்போது மாவட்டப் போட்டி எங்கள் ஷெட்டில்தான் நடக்கிறது. தை மாதத்தில் வானம் கறுத்தால் தலைவர் ஷெட்டைப் பூட்டிச் சாவியோடு தஞ்சாவூருக்கு வந்துவிடுகிறார்.

போன மாதம் தஞ்சாவூர்த் துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை.

"என் துப்பாக்கியை இப்ப யாரு மேடம் சுடுறாங்க?"

"யாரும் இல்லம்மா. அந்தப் பிடி வேற யாரு கைக்கும் சேரல."

துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம், "சொல்லுங்கக்கா, எத்தனை மீட்டர்?" என்று கேட்டாள்.